கீறல் விழாத கடிகாரம்

வெள்ளை செராமிக் கடிகாரத்தைத் துடைப்பதற்கு ஓர் ஈரத்துணி போதும். இது பலருக்குத் தெரிவதில்லை. பற்பசை, சோப்புத்தூள் என்று கண்டதையும் போட்டுத் தேய்க்கிறார்கள். செராமிக்கில் அழுக்கு மேலேதான் உட்காரும், உள்ளே இறங்காது. மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறீர்களே, அதைக்கூட வெளியே எடுத்து ஒரு தடவை துடைத்தால் நல்லது. என் மனைவியின் கடிகாரம் அது. அப்படி அழுக்காகக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். முதல் நாள் உங்களிடம் கை வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அதை இப்போது மாற்றிச் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்குமுன் செராமிக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான் ஏதோ வெறிபிடித்து ஆடியவன் மாதிரித் தோன்றும். எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் குரலை உயர்த்திப் பேசி ஒருத்தரும் கேட்டதில்லை.

நான் ஒரு கடிகார நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். செராமிக் என்றதும் எல்லோரும் டீக்கோப்பையை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு ரகம். முகப்பவுடர் மாதிரி வெள்ளைத் தூளை அச்சில் அழுத்தி, உலையில் வைத்துச் சுடுகிறார்கள். வெளியே வந்ததும் வைரத்தைத் தவிர வேறெதுவும் அதன்மேல் கீறல் போட முடியாது. வீட்டுச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டு வையுங்கள், சாவிதான் தேயும். நிறம் மங்காது, துருப்பிடிக்காது, தோலை அரிக்காது. பத்து வருஷம் கட்டிய கடிகாரமும் நேற்று வாங்கியது போலவே இருக்கும்.

ஒரே ஒரு குணம் உண்டு. இரும்பு அடிபட்டால் நசுங்கும், தங்கம் வளைந்து கொடுக்கும். செராமிக் அதெல்லாம் செய்யாது. தாங்குகிற வரைக்கும் தாங்கும், முடியாத அன்றைக்கு உடைந்துவிடும். அதனால் உடைந்து வருகிற செராமிக்குக்கு எங்களிடம் உத்தரவாதம் கிடையாது. உடைந்திருக்கிறது என்றால் கீழே போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

கீழே போட்டேன் என்று நேராக ஒப்புக்கொள்கிறவர்கள் ரொம்பக் குறைவு. "தலகாணி மேலதாங்க வச்சிருந்தேன், காலைல பாத்தா உடைஞ்சிருக்கு" என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். தலையணைக்கு அவ்வளவு கோபம் வருமா என்று கேட்டேன். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, "டிராயர்ல சும்மா இருந்துச்சு சார், தானா விரிசல் விட்டுடுச்சு" என்று கண்ணைக் கசக்கினாள். நான் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வேன். "நீங்க கீழ போட்டிருக்கீங்க." சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். கத்துவார்கள், மேனேஜரைக் கூப்பிடச் சொல்வார்கள். நான் பேசாமல் இருக்க இருக்க, பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு, "பாத்ரூம்ல ஒரு தடவ லேசா கைதவறிச்சு" என்பார்கள். அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன்பிறகு அவர்களுக்கு நானே டீ வரவழைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கவுண்டரில் இருக்கும் பெண் எனக்கு நீதிபதி என்று பெயர் வைத்தாள். நான் உள்ளே நுழைந்தால், "நீதிபதி வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்பாள். கேலிதான். ஆனாலும் அதில் பொய் ஒன்றும் இல்லையே.

இந்தக் கடிகாரம் நான் என் மனைவிக்குக் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தது. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எங்க டாக்டர் பல்லு மேல வெள்ளையா ஒரு கேப் மாட்டுவாரே, அதுவும் இதே சரக்குதாங்க. அவர் வாயில மாட்றார், நீங்க கையில மாட்டிட்டீங்க" என்றாள். அவளுக்கு எதையும் இப்படி விளையாட்டாகப் பேசுகிற வழக்கம். ஆனால் கடிகாரத்தைப் பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போது கழற்றி, ஜன்னல் விளிம்பில் துண்டை மடித்து அதன்மேல் வைப்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

போன மாதம் பாட்டரி தீர்ந்து நின்றுவிட்டது. ஆபீசுக்குக் கொண்டுபோனால் ஒரு வாரம் வரிசையில் கிடக்கும் என்று, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே மாற்றிக் கொடுத்தேன். இந்த மாடலில் பின்மூடியைத் திருகி மூடுவதில்லை. ஒரு சின்னக் கருவியில் வைத்து, கைப்பிடியை இறக்கி அழுத்தினால் உள்ளே போய் உட்காரும். ஆபீசில் செராமிக்குக்கு என்று பிளாஸ்டிக் கிண்ணம் வைத்த கருவி இருக்கிறது. வீட்டில் இருந்தது பழைய கருவி, இரும்புக் கிண்ணம். ஒரு தடவைக்கு எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள். அழுத்தும்போது டக்கென்று கேட்டது. "ஏதோ சத்தம் கேட்டுச்சே" என்றாள். "மூடி உக்காந்த சத்தம்" என்றேன். கையில் கட்டிக்கொண்டு, "பரவாயில்லையே, வீட்டுலயே மெக்கானிக் இருக்கார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடிகாரத்தைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். "என்னங்க, இங்க பாருங்களேன். கையில ஏதோ குத்துதேன்னு பாத்தேன், விரிசல் விட்டிருக்கு." வாங்கிப் பார்த்தேன். ஓர் அரிசி நுனி அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது, அதிலிருந்து முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"கீழ போட்டுட்டியா" என்றேன்.

"இல்லையே. நான் கீழ போடவே இல்லைங்க."

அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன். யார் யாரோ சொன்னார்கள், போனார்கள். என் வீட்டில், என் மேசையில், என் மனைவி அதையே சொன்னதும் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் நான் கோபப்படவில்லை. யோசித்துச் சொல் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும். தினமும் காலையில் அவளை மேசைக்கு எதிரே உட்காரவைத்து, கடிகாரத்தை ஒரு துணிமேல் வைத்து, அமைதியாகக் கேட்பேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் விட்டுவிட்டாள். பதில் மட்டும் மாறவில்லை. மாமியாருக்குப் போன் செய்து, சின்ன வயதில் இவள் பொய் சொல்வாளா என்று கேட்டேன். "என்ன மாப்ள, ஒரு வாட்சுக்கா இவ்வளவு? வேற ஒண்ணு வாங்கிக்கலாம், விடுங்க" என்றார்கள். பெரியவர்கள் இப்படித்தான், எதையும் பூசி மெழுகப் பார்ப்பார்கள். அவள் வேலை செய்யும் இடத்திலும் விசாரித்தேன். அவள் கீழே போட்டதை ஒருத்தரும் பார்க்கவில்லை என்றார்கள். பார்க்கவில்லை என்பது போடவில்லை என்று ஆகிவிடாது.

வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தால் மனசு ஒரு நிலையில் இருக்காது என்று அவளை லீவு போடச் சொன்னேன். போனை நான் ஆபீஸ் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். யாராவது கூப்பிட்டுக் குழப்புவார்கள். வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். இதையெல்லாம் நீங்கள் என்னவோ பெரிதாக எழுதிக்கொள்கிறீர்கள். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவு அன்றைக்கே திறந்திருக்கும், சாவி அவள் வாயில்தான் இருந்தது.

ஒரு சாயந்தரம், ஆபீசில் கழித்துப் போட்டிருந்த செராமிக் கடிகாரக் கூடுகளில் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கீழே போட்டால் செராமிக் எப்படி உடையும் என்று கண்ணால் பார்த்தால் அவளுக்கே ஞாபகம் வந்துவிடும் என்பது என் எண்ணம். சமையலறைத் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன், முதலில் மேசை உயரத்திலிருந்து, பிறகு தோள் உயரத்திலிருந்து. இரண்டு ஒன்றுமே ஆகாமல் உருண்டு போயின. நல்ல பொருள். மற்றவை உடைந்தன. அவள் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டினாள். ஆனால் துண்டுகளைக் குப்பையில் போடாமல், விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் காலையில் காயப்போட்ட துணியை எடுக்க இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். நல்ல வெயில், கொஞ்சம் காற்று. கடிகாரத்தை அவள் கையில் நான்தான் கட்டிவிட்டேன். கைப்பிடிச் சுவர்மேல் உட்காரச் சொன்னேன். நான்கு மாடி உயரம். உயரத்தில் உட்கார்ந்தால்தான் கீழே போடுவது என்றால் என்ன என்று மனசில் பதியும். அவள் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "வேணாங்க, பயமா இருக்கு" என்றாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். உட்கார்ந்தாள். இந்த மாதிரி விஷயங்களில் அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை. இரண்டு மணிக்கட்டையும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப சொல்லு. கீழ போட்டியா இல்லையா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. எங்க டாக்டர் சொல்வாருங்க, கேப்பை ரொம்ப அழுத்தி மாட்டினா அப்ப ஒண்ணும் தெரியாது, நாலு நாள் கழிச்சுதான் விரிசல் விடும்னு. அன்னைக்கு நீங்க மூடிய அழுத்தினப்ப டக்குன்னு ஒரு சத்தம்..."

அதற்குமேல் காற்றில் கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். கேட்டது. "பரவாயில்லைங்க, தெரியாமதானே பண்ணீங்க" என்றாள். என்னைப் பார்த்து, ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னாள். கவுண்டரில் நான் மற்றவர்களுக்கு டீ கொடுப்பேன் என்றேனே, அப்போது எனக்கு இருக்கும் அதே முகம்.

நான் கையைத் திறந்துவிட்டேன். வழுக்கவில்லை. பத்து விரலையும் நானே திறந்தேன்.

படியில் இறங்கித்தான் போனேன், ஓடவில்லை. வாட்ச்மேன் உங்களிடம் சொன்னதும் சரிதான். அவர் வந்தபோது நான் அவள் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஏன் அப்படிக் கூச்சல் போட்டார் என்று தெரியவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மாடி, கீழே சிமெண்டுத் தரை. புதிதாக ஒரு கீறல் இல்லை, ஒரு சில்லு பெயரவில்லை. கடிகாரத்துக்கு அடியில் அவள் கை இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் செராமிக் உறுதியான பொருள். அதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன்.

அந்தப் பழைய சில்லு எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? உறையைத் திருப்புங்கள். பின்பக்கம், உள்விளிம்பில், மூடி போய் உட்காரும் இடத்தில். கீழே விழுந்தால் அங்கே அடிபடாது. வெளிமுனைதான் உடையும், சமையலறைத் தரையில் உடைந்த எல்லாமே அப்படித்தான் உடைந்தன. உள்விளிம்பு உடைய வேண்டுமென்றால் அழுத்தியிருக்க வேண்டும், அதுவும் இரும்புக் கிண்ணத்தில் வைத்து. இது எனக்குக் கடிகாரத்தைக் கையில் வாங்கிய அந்த முதல் காலையே தெரியும். டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, இதுகூடத் தெரியாமல் இருக்குமா?

இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒரே ஒரு தடவை, கைதவறிக் கீழே போட்டுவிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால், நான் அப்போதே அவளை மன்னித்திருப்பேன்.