இடது கைக்கு இன்னும் தெரியாது

ஊரிகத்தில் ரயில் ஏறி என் எதிரில் உட்கார்ந்த இருவரும் கல்யாண வீடியோ எடிட்டர்கள். இளையவர் தன் இடது கையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“சாஃப்ட்வேர் மாறினது எனக்குத் தெரியுதுண்ணே. இந்தக் கைக்குத்தான் இன்னும் தெரியல.”

“இன்னாடா ஆச்சு?”

“பழசுல கட் பண்ற கீ, புதுசுல மொத்த ஷாட்டையும் அழிச்சிடுது. பழக்கத்துல அமுக்கிட்டேன். தாலி கட்றதே இல்லாம பென்டிரைவ் குடுத்துட்டேண்ணே.”

“ஐயய்யோ! சண்டைக்கு வந்தாங்களா?”

“வந்தாங்க. பொண்ணோட மாமா பந்தியில சாப்புட்றது கொஞ்சமா வருதாம்.”

“தாலி?”

“அதை இன்னும் யாருமே கேக்கல.”

பெரியவர் அந்த இடது கையைத் தட்டிக்கொடுத்தார்.

“அப்போ மாமாவுக்கு இன்னும் ரெண்டு வாய் பிரியாணி போடு. அந்தச் சாக்குல தாலியையும் கட்டிடு.”