கறுத்த நூலில் கோத்த வசம்பு

— அப்ப இதுவும் உங்கட வயித்துக்குத்தான்?

— ஓம் எண்டு சொல்லிப்போட்டன், பாக்கியம். சும்மா விசர்க்கதை கதையாத. மத்தியானம் திண்ட கணவாய்க் கறி இன்னும் நெஞ்சில நிக்குது.

— வேர்க்கொம்புச் சுக்கு இருக்கு, சரி. சித்தரத்தை இருக்கு, சரி. ரெண்டையும் நான்தானே ஒவ்வொரு கிழமையும் இடிச்சு அரிச்சுத் தாறனான். ஆனா இது வசம்பு. உங்கட கோயில் பையுக்குள்ள கிடந்தது.

— வசம்பும் வாயுவுக்கு நல்லம். ஜெமீலாதான் தந்தவ. வேணுமெண்டா அவட மருந்துக் கடையில போய்க் கேள்.

— கேட்டனான். காலமை மாக்கெட்டுக்குப் போகேக்க அங்கயும் போனனான். 'துரையண்ணன்ர வயிறு எப்பிடி' எண்டு உங்களைப் பற்றி அவ கேக்கேல்லை. 'பிள்ளைக்குப் பொருமல் குறைஞ்சிட்டுதா' எண்டு கேட்டவ.

— அவட கடைக்கு ஊருப்பட்ட சனம் வருது. ஆரையோ நினைச்சுக் கதைச்சிருப்பா.

— இஞ்சாருங்கோ. இதைத் துண்டு துண்டா வெட்டி, துளை போட்டு, கறுத்த நூலில கோத்திருக்கு. என்ர ரெண்டு விரல்தான் உள்ள போகுது. உங்கட எந்தக் கையில கட்டப் போறீங்கள்?

— மெதுவாக் கதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போகுது.

— கேக்கட்டும்! ஹாபரில வேலை செய்து பென்சன் எடுத்த மனிசன், வெள்ளிக்கிழமையில கோயிலெண்டு வேட்டியும் கட்டிக்கொண்டு... ஆரவள்? எங்க வச்சிருக்கிறீங்கள்?

— ஐயோ, உனக்கென்ன பைத்தியமே! அப்பிடி ஒருத்தியும் இல்லை. முருகனாணை.

— அப்ப பிள்ளை?

— நிரோஜினியின்ர.

— ஆரின்ர?

— எங்கட மகள் நிரோவின்ர. பொம்பிளைப் பிள்ளை. பால் குடிச்ச கையோட வயிறு ஊதி, காலை மடிச்சு மடிச்சு அழுகுது. வசம்பைச் சுட்டு, தேங்காயெண்ணெயில குழைச்சு, தொப்புளைச் சுத்திப் பூசினாத்தான் அடங்குது.

— நீங்கள் கிண்ணியாவுக்குப் போறனீங்களே? அவளின்ர வீட்டுக்கு?

— ஓம், பிள்ளை பிறக்க முன்னமே போகத் தொடங்கிட்டன். ஒருநாள் அவளைப் பஸ்ஸில கண்டனான். வயித்தைத் தள்ளிக்கொண்டு நிண்டவள். மனம் கேக்கேல்லை.

— மனம் கேக்கேல்லையாம்! அவள் அந்த முஸ்லிம் பொடியன் இன்ஷாப்பைக் கட்டிக்கொண்டு போன அண்டைக்கு என்னைக் கிணத்தடியில இருத்தித் தலையில தண்ணி வாத்தது ஆர்? 'இண்டையோட அவள் செத்திட்டாள், அழுதியெண்டா நீயும் போ' எண்டது ஆர்?

— அது அண்டைக்கு இருந்த கோவம்.

— எனக்கு ஒரு கோவமும் இருக்கேல்லையே! உங்கட சொல்லுக்காக அவளின்ர படத்தைக் கழட்டினனான். சட்டையளைக் குசினி அடுப்பில போட்டனான். கலியாண வீட்டில எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டா, இல்லையெண்டு சொன்னனான். பெத்த வாயால! நீங்கள் அங்க போய்ப் பேத்தியை மடியில வச்சிருக்கிறீங்கள். வேறொருத்தி எண்டிருந்தாக்கூட எனக்கு இப்பிடி நோகாது.

— சொல்லத்தான் நினைச்சனான். வாய் வரேல்லை.

— நான் இடிச்சுத் தந்த வேர்க்கொம்பு?

— அதுவும் நிரோவுக்குத்தான். பிள்ளை பெத்த உடம்பு, சாப்பாடு செமிக்கிறேல்லை. உன்ர கைப்பக்குவம் வேற ஆருக்கு வரும்?

— அப்ப என்ர மருந்து அவளுக்கு வேணும். நான் வேண்டாம்.

— அப்பிடி இல்லையப்பா...

— ஆர் இடிச்சது எண்டாவது அவளுக்குத் தெரியுமே?

— கடையில வாங்கினது எண்டனான்.

— சரி, விடுங்கோ. இனிப் பேசி என்ன? நான் சீலை மாத்திக்கொண்டு வாறன். கிண்ணியா பஸ் இப்பவும் இருக்கும். வீட்டைக் காட்டிப்போட்டு நீங்கள் திரும்பிவாங்கோ, எனக்குப் பிள்ளையைப் பாக்கவேணும்.

— இண்டைக்கு வேண்டாம், பாக்கியம்.

— ஏன் வேண்டாம்?

— அவள் உன்னை உள்ள எடுக்கமாட்டாள்.

— என்ர பிள்ளையோ? பெத்த தாயை வாசலில நிப்பாட்டுவாளோ? பஸ்ஸில கண்ட அண்டைக்கு உங்களிட்ட முதல் என்ன கேட்டவள்? உண்மையைச் சொல்லுங்கோ.

— 'அம்மா எப்ப வருவா' எண்டுதான் கேட்டவள்.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— என்னையும் வேண்டாமெண்டு திருப்பி அனுப்பிப்போடுவாளோ எண்ட பயத்தில... 'நான் எப்பவோ மன்னிச்சிட்டன் மகள், கொம்மாதான் உன்ர முகத்தில முழிக்கமாட்டன் எண்டு நிக்கிறா' எண்டு சொல்லிப்போட்டன்.