ஒரு நோயாளியையும் அழிக்கவில்லை

களக்காடு பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஒரு நோயாளியையும் அழிக்க விடல, மைனி," என்றாள் இளையவள் தன் அண்ணியிடம்.

"என்னட்டி சொல்லுத?"

"எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல டிஸ்க் நெறஞ்சு டேட்டாபேஸ் நின்னுபோச்சு. புதுசா ஒரு பேரும் பதிய முடியல. பழைய நோயாளிங்க விவரத்த அழிச்சிருன்னு மேனேஜர் ஒத்தக்கால்ல நிக்காரு."

"நீ என்ன செஞ்ச?"

"அவங்க திரும்பி வந்தா என்ன மருந்து குடுத்தோம்னு எப்படித் தெரியும்? முடியாதுன்னுட்டேன். பைய தேடிப் பாத்தா, பழைய பேக்கப் நகல் அம்புட்டும் அந்த டிஸ்க்லயே கெடக்கு. அத வேற டிஸ்க்குக்கு மாத்துனேன். எடம் கெடச்சதும் டேட்டாபேஸ் திரும்ப ஓடிருச்சு. எல்லாப் பேரும் அப்படியே இருக்கு, மைனி."

கண்டக்டர் வந்ததும், அவர் டிக்கெட் கேட்பதற்கு முன்பே மைனி சொன்னாள்:

"இது எங்க வீட்டுப் பிள்ள, அண்ணாச்சி."