வாரம் அரைக் கிலோ

— ஆடாம நில்லுங்கண்ணே. முள்ளு நிக்க மாட்டேங்குது.

— நான் ஆடல டாக்டரம்மா. உங்க மெஷின்தான் ஆடுது.

— நான் டாக்டர் இல்ல, டயட்டீஷியன். எத்தனை தடவை சொல்றது.

— சாப்பாட்டைக் குறைக்கச் சொல்றவங்க எல்லாரும் எனக்கு டாக்டர்தான்.

— ம்... எண்பத்தாறரை.

— போன வாரம் எண்பத்தேழு. பாத்தீங்களா, அரைக் கிலோ. நீங்க சொன்ன கணக்கு.

— சரியாத்தான் இருக்கு...

— வாரத்துக்கு அரைக் கிலோலேருந்து ஒரு கிலோ. அதுக்கு மேல இறங்கினா கொழுப்பு மட்டும் கரையல, சதையும் சேந்து கரையுதுன்னு அர்த்தம். எப்படி?

— நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. உக்காருங்க.

— வெளிய சீட்டு குடுக்குற பொண்ணை இன்னைக்கும் காணோமே.

— அவ... லேட்டா வருவா.

— போன மூணு ஞாயித்துக்கிழமையும் இல்ல.

— காய்ச்சல்னு சொன்னா. அதை விடுங்க. கடை எப்படிப் போகுது?

— பழைய பேப்பர் கடை எப்படிப் போகும். எல்லாரும் செல்போன்ல படிக்கிறாங்க. தராசு சும்மா தொங்கிக்கிட்டுக் கிடக்கு.

— காலைல என்ன சாப்பிட்டீங்க?

— சார்ட்ல இருக்கிறதுதான்.

— அதுல என்ன இருக்கு?

— ...முட்டை.

— எத்தனை?

— நீங்க எத்தனை போட்டிருக்கீங்களோ அத்தனை.

— நேத்து மத்தியானம்?

— காய்.

— என்ன காய்?

— பச்சையா... ஒரு காய்.

— அண்ணே.

— கேரட்டு.

— கேரட்டு பச்சையா இருந்துச்சா?

— சில கேரட்டு அப்படி இருக்கும்மா.

— சிரிக்க வைக்காதீங்க. முதல் வாரம் எவ்வளவு குறைஞ்சீங்க?

— மூணு கிலோ. நான்கூட பயந்துட்டேன். டயட் ஆரம்பிச்சா முதல்ல தண்ணிதான் போகும், அதனால அப்படிக் காட்டும்னு நீங்கதான் சொன்னீங்க.

— அதுக்கப்புறம்?

— வாரம் அரை.

— ஒவ்வொரு வாரமும் அரை. ஒரு வாரம்கூடத் தப்பல.

— நான் ஒழுங்கான ஆளு.

— நீங்க ஒழுங்குதான். உடம்பு அப்படி ஒழுங்கா இருக்காதே. ஒரு வாரம் முக்கால் கிலோ இறங்கும், ஒரு வாரம் ஒண்ணுமே இறங்காது, ஒரு வாரம் ஏறிக்கூட நிக்கும். உங்களுது மட்டும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இறங்குது.

— நல்லதுதானே...

— கன்னம் ஏன் இப்படி ஒட்டிப்போய்க் கிடக்கு?

— பல்லு வலி.

— காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல என் கையே நுழையும்.

— பழைய சட்டை. தொளதொளன்னு ஆயிடுச்சு.

— பேன்ட் பாக்கெட் ஏன் முழங்கால் வரைக்கும் தொங்குது? எடுத்து மேசை மேல வைங்க.

— கடைச் சாவிம்மா.

— எடுங்க.

— ...இந்தாங்க.

— இது எடைக்கல்லு.

— ம். ஒரு கிலோ.

— இன்னொரு பாக்கெட்?

— அதுவும் ஒரு கிலோதான்.

— இடுப்புல என்ன புடைச்சுக்கிட்டு?

— துண்டு. குளிருக்கு.

— துண்டுக்குள்ள?

— ரெண்டு கிலோ கல்லு... ரெண்டு.

— மொத்தம் ஆறு கிலோ. இதைக் கட்டிக்கிட்டா மாடி ஏறி வந்தீங்க?

— நிதானமாத்தான் ஏறினேன்.

— தராசு பிடிக்கிறவங்க குறைச்சுக் காட்டிக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க கூட்டிக் காட்டியிருக்கீங்க.

— தொழில் தெரிஞ்ச கை. ரெண்டு பக்கமும் வேலை செய்யும். கடைல பெரிய தராசு இருக்கு. காலைல அதுல ஏறிப் பாத்துட்டு, குறையிற அளவுக்குக் கல்லைக் கட்டிக்கிட்டு வந்துருவேன்.

— இப்போ ஏறுங்க. கல்லு இல்லாம.

— வேண்டாமே.

— ஏறுங்கண்ணே.

— ம், ஏறிட்டேன்.

— எண்பதரை. தொண்ணூத்திரண்டுல வந்த ஆளு. ஒன்றரை மாசத்துல பதினொன்றரைக் கிலோ. நீங்க சாப்பிடுறதே இல்லையா?

— எப்பவாச்சும்...

— நான் குறைக்கத்தானே சொன்னேன். நிறுத்தவா சொன்னேன்?

— நிறுத்தணும்னு நிறுத்தல. வீட்டுக்காரி செத்ததுக்கப்புறம், ஒருத்தனுக்காக அடுப்பு பத்த வைக்க மனசு வரல. தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தா எதிர்ல சுவரு. பொட்டலம் பொட்டலமா நொறுக்குத் தீனி தின்னுதான் இந்த உடம்பு ஏறுச்சு. அதை விடுங்கன்னு நீங்க சொன்னீங்க. விட்டுட்டேன். அதை விட்டா வேற சாப்பாடு எங்க இருக்கு?

— இதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன. எதுக்குக் கல்லு?

— வேகமா இறங்கினா பெரிய டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்னீங்க. எழுபத்தஞ்சு வந்துட்டா இங்க வர வேண்டாம்னும் சொன்னீங்க.

— அதனால?

— வாரம் அரைக் கிலோன்னா... இன்னும் ஆறு மாசம் வரலாமேன்னு. வாரம் பூரா வாயைத் திறந்தா பேப்பர் என்ன விலை, இரும்பு என்ன விலை, அவ்வளவுதான் பேச்சு. இங்க வந்தாத்தான் என்ன சாப்பிட்டீங்கன்னு ஒருத்தர் கேக்குறாங்க. அந்தக் கேள்விக்காக வர்றேன். பதில்தான் எங்கிட்ட இல்ல.

— ...எனக்கும் ரெண்டு வாரமா சந்தேகம்தான்.

— அப்போ ஏன் கேக்கல?

— கேட்டா... நீங்க வராம போயிட்டா?

— நான் வரலன்னா உங்களுக்கென்ன. வேலை மிச்சம்.

— பேச்சை மாத்தாதீங்க. நாளைக்குக் காலைல டாக்டரைப் பாக்குறீங்க. ரத்தம் எடுத்துப் பாக்கணும். நான் போன்ல சொல்லி வைக்கிறேன்.

— அப்போ இனிமே அங்கதான் எடை பாப்பாங்க.

— ஆமா.

— ஞாயித்துக்கிழமை இங்க வர வேண்டியதில்ல.

— எடை பாக்க வர வேண்டியதில்ல.

— ...சரிம்மா. அந்தக் கல்லை இப்படித் தள்ளுங்க, கிளம்புறேன். வெளிய மத்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்க.

— வெளிய யாரும் இல்லண்ணே.

— அந்தப் பொண்ணு வந்து சீட்டு குடுத்தா வந்துருவாங்க.

— அவ வர மாட்டா. ஞாயித்துக்கிழமைல இந்த இடம் லீவு. ஒரு மாசமாவே லீவுதான். உங்ககிட்ட மட்டும் சொல்லாம, வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கி நானே தொறந்து உக்காந்துக்கிட்டிருக்கேன்... லீவு நாள்ல வீட்ல இருந்தா எனக்கும் பேச ஆள் இல்லண்ணே. கல்லு அங்கேயே கிடக்கட்டும், உக்காருங்க. டிபன் பாக்ஸ்ல ரெண்டு பேருக்கு இருக்கு.