தேதியை நம்பாத பெண்

காலை பத்தேகாலுக்கு, சரக்குப் பெட்டக அலுவலகக் கணினியில் ஒரு கப்பலின் எடைக்கணக்கு தவறாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மாலையில் திருவொற்றியூர் பேருந்து நிறுத்தத்தில், மீன்கூடையைக் காலடியில் வைத்திருந்த அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணின் தாய் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தேதி பொய் சொல்லும்க்கா. என் பொண்ணு தேதிய நம்ப மாட்டா.”

“இன்னா சொல்ற நீ?”

“கரண்டு போய் வந்தா அந்த மிஷின்ல தேதி பழசாயிடும். அப்பால எவன் கணக்கு ஃபைல மாத்துனாலும் பழைய தேதிதான் காட்டும். போன வாரத் தேதி காட்டுதுன்னு, அப்ப கணக்கு அடிச்ச இவதான் தப்பா அடிச்சிட்டான்னு வேலைய வுட்டுப் போவச் சொல்றாங்க.”

“அய்ய, அப்புறம்?”

“இவ ஒரு புரோகிராம் எழுதி வச்சிகீறா. தெனம் சாயங்காலம் அதுவே ஒவ்வொரு ஃபைலயும் முழுசாப் படிச்சி ஒரு அடையாளம் போட்டு வச்சிடும். ஒரு எழுத்து மாறுனாலும் அடையாளம் மாறிடும். நான் மீன் வாங்கும்போது எப்ப புடிச்சதுன்னா கேக்கறேன்? செவுளத் தூக்கிப் பாக்கறேன்ல?”

“உன் பொண்ணாச்சே.”

“பெரிய ஆபீசரு அந்த அடையாளத்தப் பாக்கறேன்னு சொல்லிகீறாரு. அதான் நிக்கறேன்.”

குரலில் பெருமை இருந்தது. கை மட்டும் கூடை விளிம்பை விடவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் இதே வேலையில் ஒரு மகன். என் பேருந்து வந்தும் நான் ஏறவில்லை.

கடைசியில் மகள் வந்தாள்.

“நீ சொல்றாப்ல செவுளத் தூக்கிப் பாத்துட்டாங்கம்மா. முந்தாநேத்து அடையாளமும் நேத்து அடையாளமும் வேற வேற. நேத்து நான் லீவுல இருந்தப்பதான் மாறிகீது. வேல போவல.”