மிச்ச ஆறு பேர்

ஒரு சின்னக் கணக்குதான், ஐயா. பட்டாசு அறையில் சட்டப்படி நாலு பேர்தான் இருக்கலாம். சீசன் நேரத்தில் பத்துப் பேரை உட்கார வைக்கிறார்கள். திடீரென்று ஆய்வுக்கு ஜீப் வருகிறது. சுற்றிலும் பொட்டல்; ஓடினால் தெரிந்துவிடும். மிச்ச ஆறு பேரை எங்கே வைப்பது? வெகுநாள் எனக்கு விடை கிடைக்கவில்லை.

ஊராட்சித் தலைவருக்கு எதற்கு இந்தக் கவலை என்பீர்கள். அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அந்த அறைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் மாரீஸ்வரன்தான் என்னை ஜெயிக்க வைத்தான். தேர்தலுக்கு முந்தின நாள் தொழிலாளர் தெருவில் வீடு வீடாகத் திருநீறு கொடுத்துச் சத்தியம் வாங்கினோம். இருக்கன்குடி ஆத்தா கோயில் திருநீறு என்றோம். உண்மையில் அது டீக்கடை அடுப்புச் சாம்பல். பெண்கள் நெற்றியில் இட்டு, மிச்சத்தை நாக்கில் போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு லேசாக ஏமாறுகிறவர்கள் மேல் மரியாதை எப்படி வரும்?

ஜெயித்த பிறகு அந்தத் தெருவிலிருந்து வள்ளித்தாய் வந்தாள். அவள் மகள் சினேகா மாரீஸ்வரனிடம்தான் வேலை பார்த்தாள்.

“தலைவரே, நாலு பேரு ரூம்புல பத்துப் பேரு. ஒருத்தி கால ஒருத்தி மிதிக்கா. ஆத்தா மேல சத்தியம் பண்ணி ஒங்களுக்குத்தான போட்டோம். கலெக்டர் ஆபீசுல ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

மாரீஸ்வரனைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அவன் சிரித்தான்.

“சொல்லுங்க அண்ணாச்சி. நானும் சாம்பல் ருசி எப்படி இருந்துச்சுன்னு தெருவுல கேக்கேன். ஒங்க வீட்டுப் பூசைக்கும் ஒரு பொட்டலம் அனுப்பவா?”

அன்றோடு கலெக்டர் ஆபீஸ் பேச்சை விட்டுவிட்டேன். நாற்காலி என்னுடையது, அதில் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்பதை அவன் சொன்னான். ஆய்வு ஜீப் ஊர் எல்லையைத் தொட்டதும் எனக்குத் தகவல் வரும். அதை அவனுக்குச் சொன்னேன். பிறகு ஆளை ஒளிக்கிற வழியையும் நானே யோசித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வழி சரியாகவே வேலை செய்தது. அதிகாரி நாலு பேரை எண்ணிவிட்டு, ஆபீசில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெடித்தது. நாலு பேரும் ஓடித் தப்பினார்கள். ஆறு பேர் ஓடவில்லை. சினேகா அதில் ஒருத்தி.

துக்கம் கேட்கப் போனேன். வள்ளித்தாய் என் முகத்தில் காறித் துப்பினாள். விவரம் தெரியாதவள் என்று மன்னித்துவிட்டேன்.

அவர்கள் ஏன் ஓடவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். பூட்டிக் கிடக்கும் சரக்கு அறையைத் திறக்கச் சொல்லி எந்த அதிகாரியும் மெனக்கெடுவதில்லை. ஆகவே, மிச்ச ஆறு பேரை அதற்குள் அனுப்பி, வெளியே பூட்டிவிட வேண்டும்.