மாகறல் ஓட்டு

— எழுந்தேன். மோட்டார் போட்டேன். பால் வாங்கினேன். டீ போட்டேன். குளிச்சேன். சட்டையைத் தேய்ச்சேன். அவ்ளோதான் மாமா.

— அவ்ளோதானா... நடுவுல சாப்பிடறதுன்னு ஒண்ணு இருக்குதே மாப்ள.

— டீ குடிச்சேன்.

— டீ குடிச்சானாம். இந்தா, உங்க அத்தை இட்லி குடுத்து வுட்டா. தூக்கு திரும்பி வரும்போது காலியா இருக்கணும்னு உத்தரவு.

— வையுங்க. சாப்பிடறேன்.

— துர்கா போனதுல இருந்து இதையே சொல்லிக்கினு இருக்க. உன் சட்டை எல்லாம் உனக்கே பெருசாயிடுச்சு. ஆனா மடிப்பு மட்டும் கலையல பாரு... நம்ம சின்னத்தை நீ ஒருத்தன் தான் இன்னும் கைவிடல.

— இஸ்திரிப்பெட்டி வீட்டுல இருக்குது, தேய்க்கிறேன். அதுல சின்னம் எல்லாம் ஒண்ணும் இல்ல மாமா.

— இருக்குதுபா. காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதி, சுயேச்சை வேட்பாளர் தணிகாசலம், இஸ்திரிப்பெட்டி. நான் மைக் தான் கேட்டேன். மைக் செட் வச்சிருக்கிறவனுக்கு அதைக் குடுத்தா இன்னா குறைஞ்சிபூடும்... அது வேற ஆளுக்குப் போயிடுச்சு, இதை வச்சிக்கங்கன்னாங்க.

— நோட்டீஸ் குடுத்த தெருவுல எல்லாம் துணி எடுத்துக்கினு வந்தாங்க.

— வந்தாங்க. ஒரு அம்மா மூட்டையே கட்டிக்கினு வந்துது. ‘தேய்ச்சிக் குடுத்துட்டு ஓட்டுக் கேட்டியாப்பா’ன்னு துர்கா கேட்டா. என்னைக் கிண்டல் பண்றதுக்கே பொறந்தவ அவ... சரி, அதை வுடு. சாப்பிட்டுட்டுக் கிளம்பு. மாகறல் போவணும்.

— எங்க?

— மாகறல். பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா, மைக் செட் நம்மளது. நம்ம செட்டு ஆளு அந்தோணிக்கு முதுகு புடிச்சிக்கிச்சு. ஸ்பீக்கர் பொட்டி இறக்க ஒரு கை வேணும். வண்டி தெரு முனையில நிக்குது... உள்ள வர முடியல, தெருவை அடைச்சித் தறிக்குப் பாவு நூல் இழுத்துக்கினு இருக்காங்க.

— வேற யாரையாவது பாருங்க மாமா. எனக்கு ஷிப்ட் இருக்குது.

— இன்னிக்கு உனக்கு லீவு.

— லீவா... ஆமாம்ல.

— பார்த்தியா. பொய் சொல்ல வராது உனக்கு. மாகறல்னா மட்டும் உனக்கு வேலை வந்துடும். அன்னிக்கு அந்த ஊரு கோயிலுக்குப் போலாம்னேன், பைக் பஞ்சர்ன்ன. அதுக்கு முன்னால ஒரு வாட்டி தலைவலி. அங்க யாருக்காவது பயந்துக்கினு இருக்கியா?

— மைக் கட்டறதுக்கு மட்டும்னா வர்றேன்.

— கட்டுவோம். அப்பால ரெண்டு வார்த்தை பேசுவேன். ஹெட்மாஸ்டரைக் கேட்டாச்சு. தாராளமா பேசுங்கன்னுட்டாரு.

— என்ன பேசுவீங்க?

— நன்றி சொல்லுவேன். அந்தப் பள்ளிக்கூடம் தான் பூத்து. அங்க எனக்கு ஒரு ஓட்டு விழுந்துதுல்ல, அந்த ஆளுக்கு.

— ஒரு ஓட்டுக்கு யாரும் மேடை ஏறி நன்றி சொல்ல மாட்டாங்க மாமா.

— ஜெயிச்சவன் சொல்ல மாட்டான். அவன் திறந்த ஜீப்புல நின்னுக்கினு பொதுவா ஒரு கும்புடு போட்டுக்கினே போயிடுவான். ஒத்தை ஆளைத் தேடிப் போயி கும்புடறதுக்கு என்னை மாதிரி தோத்தவனா இருக்கணும்.

— ஊரு சிரிக்கும்.

— சிரிக்கட்டும். இஸ்திரிப்பெட்டிக்கே சிரிச்ச தொகுதி.

— கை தவறி அமுத்தி இருப்பாங்க. உங்க பேருக்குக் கீழ நோட்டா தான் இருந்தது. யாரோ நோட்டாவுக்குப் போறவங்க ஒரு பட்டன் மேல அமுத்திட்டாங்க.

— நோட்டாவைத் தேடிக்கினு வர்றவன் விவரமானவன் மாப்ள. அவன் கை தவறாது... நீ இன்னாபா, எங்கேயோ இருக்கிற ஒரு ஆளை இல்லன்னு ஆக்கறதுல இவ்ளோ குறியா இருக்க?

— இல்லன்னு சொல்லல. தேடிக்கினு போக வேணாம்னு தான் சொல்றேன்.

— தேடல. பேரு ஊரு கேட்க மாட்டேன். மைக்ல சொல்லுவேன், காதுல விழ வேண்டிய ஆளுக்கு விழும். இந்தத் தொகுதி வரலாறு தெரிஞ்சா நீ இப்படிப் பேச மாட்ட.

— தெரியும். நூறு வாட்டி சொல்லி இருக்கீங்க.

— இன்னொரு வாட்டி இட்லி சாப்பிட்டுக்கினே கேளு. சுதந்திரம் வந்து முதல் எலக்ஷன்ல காஞ்சிபுரம்னு ஒரு எம்.பி. தொகுதி இருந்துது. அடுத்ததுல காணோம். செங்கல்பட்டுன்னு பேரை வச்சி, நம்மளை அதுல ஒரு ஓரமா கட்டிட்டாங்க. பட்டுன்னா உலகம் பூரா தெரிஞ்ச ஊரு... பார்லிமெண்ட்ல அதுக்குப் பேரே கிடையாது. நான் மைக் கட்ட வந்தது அந்தச் செங்கல்பட்டுக் காலத்துல தான். அப்பால ரெண்டாயிரத்து ஒம்பதுல பேரு திரும்பி வந்துது. காஞ்சிபுரம்... பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள, தனி.

— அன்னிக்கு அத்தையைப் பாயசம் வைக்கச் சொன்னீங்களாம். துர்கா சொல்லி இருக்கா.

— வச்சா. ஊரு பேருக்கா, அந்த அடைப்புக்குறிக்கான்னு கேட்டா. ரெண்டுக்கும் சேர்த்துத் தான், வெல்லம் கூடப் போடுன்னேன். அந்த வருஷம் கை ஜெயிச்சுது. அடுத்தது இலை. அதுக்கு அப்பால ரெண்டு வாட்டி சூரியன். இங்க தறி சத்தத்துல ஆரம்பிச்சி, அங்க செய்யூர் உப்பளம் வரைக்கும், மூணு கட்சிக்கும் நான் மைக் கட்டி இருக்கேன். யாரு ஜெயிச்சாலும் என் பொட்டி வழியா பேசித் தான் ஜெயிச்சான். ஆனா இத்தனை வருஷத்துல அந்த மைக்ல நான் பேசினது இன்னா?

— ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்.

— ஒன், டூ, த்ரீ. நாலுன்னு கூட சொன்னது இல்ல. எல்லாரும் பேசறாங்க, நான் ஒயரைப் புடிச்சிக்கினு கேட்டுக்கினே நிக்கிறேன்... காலைல மெட்ராஸுக்கு வேலைக்குப் போற ஜனத்துக்கு இன்னும் ரெண்டு ரயில் வுடுங்கன்னு ஒருத்தன் வாயிலயும் வரல. சரி, நம்மளே சொல்லிடுவோம்னு நின்னேன். அந்த அடைப்புக்குறி எதுக்கு இருக்குது? என்னை மாதிரி ஆளு நிக்கறதுக்குத் தானே.

— நல்லா தான் பேசினீங்க. நான் கூட ரெண்டு வாட்டி கேட்டேன்.

— கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கும்போது உங்க அத்தை பட்டுப் புடவை கட்டிக்கினு வந்தா. கல்யாணத்துக்குப் போற மாதிரி. டெபாசிட் போச்சு, போவட்டும். பேசினேன்ல.

— மாகறல் பக்கம் மட்டும் போகல.

— போவல. வண்டி ரேடியேட்டர் புட்டுக்கிச்சு. அந்தப் பக்கம் ஒரு நோட்டீஸ் கூட போவல. பூத்து வாரியா கணக்கை நீ தானே எடுத்துக் குடுத்த. அந்த வட்டாரம் பூரா என் பேருக்கு நேரா முட்டை... முட்டை... முட்டை. மாகறல் பள்ளிக்கூடத்துல ஒண்ணு. அது கேட்காத ஓட்டு மாப்ள. என் மூஞ்சைப் பார்த்தது இல்ல, என் குரலைக் கேட்டது இல்ல. ஊர்த் தெருவுல இருந்து வந்துதோ, காலனில இருந்து வந்துதோ... மெஷினுக்குத் தெரு தெரியாது. குடவோலை போட்ட உத்திரமேரூர் பக்கம்பா அது. ஓட்டுப் போடறது அவங்களுக்குப் பரம்பரைப் பழக்கம்... கேட்கிறியா?

— சாப்பிடறேன்.

— சொந்தக்காரன் கடமைக்குப் போடுவான். தெரு ஜனம் மூஞ்சிக்காகப் போடும். இந்த மாகறல் ஆளுக்கு நான் யாரு? அதான் சொல்றேன்... ரிசல்ட் அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துது தெரியுமா. ஒரு பக்கம் மாகறல்ல ஒண்ணு. இன்னொரு பக்கம் தபால்ல... சரி, வுடு.

— தபால்ல என்ன?

— வுடு மாப்ள. போனவளைப் பத்தி எதுக்கு.

— சொல்லுங்க மாமா.

— தபால் ஓட்டுல எனக்கு முட்டை.

— அதுக்கு?

— எலக்ஷன் டூட்டிக்குப் போற டீச்சருங்க எல்லாம் எதுல போடுவாங்க? தபால்ல தானே. எத்தனை எலக்ஷன் பார்த்திருக்கேன். துர்கா அன்னிக்கு டூட்டில இருந்தா. வேட்பாளரோட பொண்ணு, எனக்கு டூட்டி வேணாம்னு சொல்லிப் பாரும்மான்னேன். ‘எந்த வேட்பாளர்னு கேட்பாங்கப்பா, இஸ்திரிப்பெட்டின்னா நம்ப மாட்டாங்க’ன்னு சிரிச்சிக்கினே போனா... தபால்ல எனக்கு ஒண்ணு கூட இல்ல. கூட்டிக் கழிச்சிப் பாரு.

— அவ போடலன்னு நினைச்சிக்கினா இருந்தீங்க?

— நினைக்கிறது இன்னா இருக்குது. எண்ணி, மைக்ல சொன்னாங்க. அந்த மைக் கூட என்னுது இல்ல.

— இத்தனை நாளுல ஒரு வாட்டி கூட அவகிட்ட கேட்கலயே.

— கேட்டா பொய் சொல்ல மாட்டா. அதான் கேட்கல... கோவம் இல்ல மாப்ள. எங்க தெருவுல முதல் டீச்சர் அவ. யாரு போனா நாட்டுக்கு நல்லதுன்னு யோசிச்சிப் போட்டிருப்பா. அப்பன்னு பார்க்கல. அப்படித் தான் வளர்த்தேன், அது எனக்குப் பெருமை தான். ஆனா படுத்தா மனசு ஒத்துக்க மாட்டேங்குது. அப்ப அந்த மாகறல் ஆளை நினைச்சிக்குவேன். தூக்கம் வந்துடும்.

— இது அவளுக்குத் தெரியாது மாமா.

— எப்படித் தெரியும்? வீட்டுல நான் மாகறல், மாகறல்னு அதையே தானே பாடிக்கினு இருந்தேன். அவளும் விடாம கேட்பா. ‘அந்த ஆளு எப்படிப்பா இருப்பாரு, மீசை இருக்குமா’ன்னு. பெரிய மீசையா இருக்கும்மான்னு சொல்லுவேன். அப்படிச் சிரிப்பா... ஆஸ்பத்திரில படுத்துக்கினு கூட கேட்டா. ‘மாகறல் ஆளைப் பார்க்கப் போனியாப்பா’ன்னு. போறேம்மான்னேன். அதான் இன்னிக்குப் போறேன். கையைக் கழுவு, எழுந்திரு.

— மாமா, கொஞ்சம் உட்காருங்க.

— நேரம் ஆவுதுபா.

— தபால்ல அவ போடல.

— அதைத் தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்.

— இல்ல... தபால்ல அவ யாருக்குமே போடல. சொந்தத் தொகுதிக்குள்ளயே டூட்டி விழுந்தா தபால் வேணாம். ஒரு சர்ட்டிபிகேட் குடுப்பாங்க. அதைக் காட்டி, டூட்டி பார்க்கிற பூத்துலயே, அங்க இருக்கிற மெஷின்லயே போட்டுடலாம்.

— இது எப்பத்துல இருந்து?

— ரொம்ப வருஷமா இருக்குது. உங்களுக்கு மேடை தெரியும் மாமா. இது பூத்துக்கு உள்ள நடக்கிறது.

— அப்ப... அவ ஓட்டு அந்தத் தபால் கணக்குல சேரவே இல்ல.

— சேரல.

— ஏதோ ஒரு ஊரு மெஷின்ல விழுந்திருக்குது... அன்னிக்கு அவளுக்கு எங்க டூட்டி மாப்ள? வெளியூர்ல ஏதோ பள்ளிக்கூடம்னு தான் சொல்லிட்டுப் போனா. எனக்கு அன்னிக்கு இருந்த அலைச்சல்ல எந்த ஊருன்னு கேட்கல... நீ தானே போயி பைக்ல கூட்டிக்கினு வந்த. எந்த ஊரு?

— இட்லி நல்லா இருந்ததுன்னு அத்தைகிட்ட சொல்லுங்க.

— கோகுல். உன்னைத் தான் கேட்கிறேன். இன்னாத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கிற?

— சொல்லக் கூடாதுன்னு சொல்லி இருக்கா மாமா. ஆஸ்பத்திரில நீங்களும் அத்தையும் வர்றதுக்கு முன்னால... கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு ரெண்டு பேரும் கேட்டுக்கினே இருந்தீங்க. ஒண்ணும் சொல்லல, தூங்கிட்டான்னு சொன்னேன். ஆனா அவ ஒண்ணு சொன்னா.

— இன்னா சொன்னா?

— ‘அந்த மாகறல் ஆளை எங்க அப்பாகிட்ட காட்டிக் குடுத்துடாத கோகுல்... பாவம், அவருக்கு இருக்கிறதே அந்த ஒரு ஆளு தான்.’